மருத்துவக் காப்பீட்டு பாலிசியை பில்லிலிருந்து பின்னோக்கிப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மருத்துவக் காப்பீடு எடுப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டே எண்களைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்: பிரீமியம் எவ்வளவு, காப்பீட்டுத் தொகை எவ்வளவு. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை இவ்விரண்டுமே சொல்வதில்லை. அதைத் தீர்மானிப்பவை அறை வாடகை வரம்பு, கோ-பே, நோய்வாரி உச்சவரம்பு, காத்திருப்புக் காலம் என்று பாலிசியின் உள்பக்கங்களில் கிடக்கும் விதிகள். ஆகவே பாலிசியை விளம்பரத்தின் பக்கத்திலிருந்து படிக்காமல், டிஸ்சார்ஜ் அன்று மருத்துவமனை நீட்டும் பில்லின் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பதே முறை. இங்கே சொல்லப்படுபவை இந்தியாவில் நடப்பிலுள்ள விதிகள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024இல் செய்த மாற்றங்களையும் உள்ளடக்கியவை.

முதல் படி: கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

புதிதாக ஒன்றை வாங்கும் முன், ஏற்கெனவே என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, இணைக்கப்பட்ட அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் பணமின்றிச் சிகிச்சை பெறலாம். தகுதி இருந்தும் அட்டை எடுக்காமல், கடன் வாங்கித் தனியார் பாலிசி எடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட தொழிலாளர்களுக்கு, அவர்கள் பணிபுரியும் நிறுவனம் தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐயின் கீழ் வந்தால், அந்தப் பாதுகாப்பும் உண்டு.

அலுவலகம் தரும் குழுக் காப்பீடு வேறு வகை. பெரும்பாலும் அதில் காத்திருப்புக் காலம் இராது. முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். ஆனால் வேலை போகும் நாளில் அதுவும் போய்விடும். ஐம்பத்தைந்து வயதில், சர்க்கரை நோயோடும் இரத்த அழுத்தத்தோடும், முதன்முதலாகத் தனிப் பாலிசி தேடுவது கடினமான காரியம். குழுக் காப்பீடு இருப்பவரும், உடம்பு நன்றாக இருக்கும் வயதிலேயே சிறியதாக ஒரு சொந்தப் பாலிசியைத் தொடங்கி வைத்துக்கொண்டால், காத்திருப்புக் காலங்கள் தேவைப்படும் முன்பே கழிந்துவிடும்.

இரண்டாம் படி: யாருக்கு, எவ்வளவு

கணவன், மனைவி, குழந்தைகள் ஒரே ஃப்ளோட்டர் பாலிசியில் சேர்வது சிக்கனமானது. ஒரே தொகையை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே ஆண்டில் எல்லோரும் படுக்கையில் விழும் வாய்ப்பு குறைவு. பெற்றோரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். ஃப்ளோட்டரில் பிரீமியம் மூத்த உறுப்பினரின் வயதை ஒட்டியே கணக்கிடப்படுவதால், 68 வயது அப்பாவின் பெயர் சேர்ந்தவுடன் குடும்பத்தின் பிரீமியம் முழுவதும் ஏறிவிடும். அவருக்கு ஒரு பெரிய சிகிச்சை நடந்தால் மற்றவர்களுக்கான தொகையும் அந்த ஆண்டுக்குக் கரைந்துவிடும். பெற்றோருக்குத் தனிப் பாலிசியே பொருத்தம். புதிய பாலிசி வாங்க 65 வயது என்றிருந்த உச்சவரம்பை ஆணையம் 2024 ஏப்ரலில் நீக்கிவிட்டது. நிறுவனங்கள் எல்லா வயதினருக்கும் ஏற்ற திட்டங்களை வைத்திருக்க வேண்டும். ஆனால் குறிப்பிட்ட ஒரு விண்ணப்பத்தை உடல்நிலை கருதி மறுக்கும் உரிமை அவற்றுக்கு இன்னமும் உண்டு.

தொகையைப் பொறுத்தவரை, நீங்கள் உண்மையில் போகக்கூடிய மருத்துவமனையின் கட்டணத்தைக் கேட்டறிவதே நல்ல அளவுகோல். இருதய அடைப்புக்கு ஸ்டென்ட், மூட்டு மாற்று, புற்றுநோய்க்கான கீமோதெரபி ஆகிய மூன்றுக்கும் அங்கே தோராயமாக எவ்வளவு ஆகும் என்று விசாரித்தால், 3 லட்சம் ரூபாய் பாலிசி பெருநகரத்தில் எவ்வளவு தூரம் வரும் என்பது விளங்கிவிடும். ஊரையும் கணக்கில் கொள்ள வேண்டும். சில திட்டங்களில் பிரீமியம் மண்டலவாரியாக மாறும். சிறிய ஊருக்கான குறைந்த பிரீமியம் கட்டிவிட்டு, சிகிச்சைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால், பில்லில் ஒரு பங்கை நீங்களே ஏற்க வேண்டும் என்ற விதி அங்கே காத்திருக்கும்.

பெரிய தொகைக்கு முழுவதும் அடிப்படைப் பாலிசியே எடுக்க வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய்க்கு அடிப்படைப் பாலிசி, அதற்கு மேல் 20 லட்சத்துக்கு ஒரு சூப்பர் டாப்-அப் என்று சேர்த்தால் மொத்தச் செலவு கணிசமாகக் குறையும். டாப்-அப், சூப்பர் டாப்-அப் இரண்டுமே ஒரு வரம்புக்கு மேற்பட்ட செலவை மட்டும் தருபவை. ஆனாலும் இரண்டையும் ஒன்றென எண்ணிவிடக் கூடாது. ஒரே ஆண்டில் 4 லட்சம் ரூபாய் வீதம் இரண்டு முறை மருத்துவமனைச் செலவு வருவதாக வைத்துக்கொள்வோம். 5 லட்சம் வரம்புள்ள சாதாரண டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியே பார்ப்பதால் ஒரு ரூபாயும் தராது. சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தமான 8 லட்சத்தைப் பார்த்து, வரம்புக்கு மேற்பட்ட 3 லட்சத்தைத் தரும். விலை வித்தியாசம் அதிகமில்லை என்பதால், சூப்பர் என்ற சொல் பாலிசியின் பெயரில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

மூன்றாம் படி: அறை வாடகை வரம்பு

பாலிசி முழுவதிலும் ஒரே ஒரு விதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பல பாலிசிகளில், குறிப்பாகப் பழையவற்றிலும் விலை குறைந்தவற்றிலும், ஒரு நாள் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்றோ 2 சதவீதம் என்றோ வரம்பு இருக்கும். வரம்பைத் தாண்டிய அறையை எடுத்தால் வாடகையின் வித்தியாசத்தை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது அதுவல்ல. அறுவைச் சிகிச்சை நிபுணர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் ஆகியவை அறையின் தரத்துக்கேற்ப உயரும் மருத்துவமனைகளில், அந்தக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் நிறுவனம் வெட்டும்.

கணக்காகப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். காப்பீட்டுத் தொகை 5 லட்சம். அறை வரம்பு 1 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 5,000 ரூபாய். நோயாளி 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறார். அனுமதிக்கப்பட்டதற்கும் எடுத்ததற்குமான விகிதம் 62.5 சதவீதம். பில்லில் வாடகை 32,000. மருத்துவர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,60,000. மருந்து, உள்ளே பொருத்திய கருவி, பரிசோதனைகள் 90,000. கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற சில்லறைகள் 8,000. ஆக மொத்தம் 2,90,000 ரூபாய். நிறுவனம் வாடகையில் 20,000 தரும். மருத்துவர், தியேட்டர் கட்டணங்களில் 1,00,000 தரும். மருந்து, பொருத்திய கருவி, பரிசோதனை ஆகியவற்றை விகித வெட்டுக்கு உட்படுத்தக் கூடாது என்பது ஆணையத்தின் விதி என்பதால் 90,000 முழுமையாக வரும். சில்லறை எதுவும் வராது. கிடைப்பது 2,10,000, கையிலிருந்து போவது 80,000. வாடகையில் இருந்த வித்தியாசமோ வெறும் 12,000 ரூபாய்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்துக்கு இந்த விகித வெட்டு கிடையாது. எல்லா அறைகளுக்கும் ஒரே சிகிச்சைக் கட்டணம் வாங்கும் மருத்துவமனையிலும் அதைச் செய்யக் கூடாது. எனினும் இவற்றை நம்பி இருப்பதைவிட, அறை வரம்பே இல்லாத பாலிசியோ, ‘சிங்கிள் பிரைவேட் அறை’ என்று ரூபாய்க் கணக்கில்லாமல் வகையைக் குறிப்பிடும் பாலிசியோ எடுப்பது நல்லது. ஏற்கெனவே வரம்புள்ள பாலிசிதான் இருக்கிறதென்றால், அட்மிஷன் கவுண்டரில் அறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே வரம்பைச் சொல்லி, அதற்குள் அடங்கும் அறையைக் கேளுங்கள். அப்படிப்பட்ட அறை காலியில்லை என்றால், அதைவிடக் குறைந்த வாடகை அறையே உங்களுக்கு லாபம்.

நான்காம் படி: மீதமுள்ள வெட்டுகள்

கோ-பே என்பது அனுமதிக்கப்பட்ட தொகையில் குறிப்பிட்ட சதவீதத்தை நாமே ஏற்பது. மேலே கண்ட கணக்கில் 10 சதவீதம் கோ-பே இருந்திருந்தால் மேலும் 21,000 ரூபாய் போயிருக்கும். மூத்த குடிமக்களுக்கான திட்டங்களில் இது சர்வ சாதாரணம். வேறு வழியில்லாதபோது ஏற்கலாம். முப்பது வயதுக்காரர் பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிப்பதற்காக இதை ஏற்பது வீண்.

அடுத்தது நோய்வாரி உச்சவரம்பு, அதாவது குறிப்பிட்ட ஒரு சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவக் காப்பீடு மட்டுமே விற்கும் நிறுவனங்களும் விற்க வேண்டிய தரப்படுத்தப்பட்ட பாலிசியான ஆரோக்கிய சஞ்சீவனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் அறிமுகமான இதில் எல்லோருக்கும் 5 சதவீதம் கோ-பே உண்டு. அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிலும் 5,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. கண்புரை அறுவைக்கு ஒரு கண்ணுக்குத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் விதிகள் ஒன்றே என்பதால் ஏமாற்றத்துக்கு இடமில்லை. பெருநகரத்துத் தனியார் மருத்துவமனைக்கு அது போதாது என்பதே என் எண்ணம். வேறு திட்டங்களை ஒப்பிடும்போது இதை அடித்தளமாக வைத்துக்கொண்டு, எது இதைவிட எவ்வளவு மேலானது என்று பார்ப்பது வசதி.

பில்லில் எப்போதும் வெட்டுப்படும் சில்லறைப் பொருள்களுக்கும் ஆணையத்தின் பட்டியல் உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டினால் இவற்றையும் தரும் இணைப்பைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. நீண்ட சிகிச்சைகளில் இந்தச் சில்லறை பெரிய தொகையாகிவிடும் என்பதால் அது பயனுள்ளது. தொகை தீர்ந்ததும் மீண்டும் நிரப்பித் தரும் ‘ரீஸ்டோரேஷன்’ வசதி இருந்தால், அதே நோய்க்கும் கிடைக்குமா, அதே நபருக்கும் கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இலவச ஜிம், ஆப் வழியே நடைக்குப் புள்ளிகள் போன்றவற்றை ஒப்பீட்டிலேயே சேர்க்க வேண்டாம்.

ஐந்தாம் படி: காத்திருப்புக் காலங்கள்

மூன்று வகை உண்டு. பாலிசி தொடங்கிய முதல் 30 நாளில் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று, கருப்பை நீக்கம் போன்ற பெயர் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு வழக்கமாக 24 மாதம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, முன்பே இருந்த நோய்களுக்கானது. 48 மாதம் வரை இருந்த இந்த உச்சவரம்பு 2024இல் 36 மாதமாகக் குறைக்கப்பட்டது. கூடுதல் பிரீமியத்துக்கு இதை மேலும் சுருக்கித் தரும் திட்டங்கள் உள்ளன. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் தகும்.

ஆறாம் படி: விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள்

பின்னாளில் கிளெய்ம் மறுக்கப்படுவதற்கு வித்திடப்படும் இடம் விண்ணப்பப் படிவம். “பிரஷர் மாத்திரை ஒண்ணுதானே சார், அதையெல்லாம் எழுதினா பிரீமியம் ஏறிடும்” என்று சொல்லும் முகவர், கிளெய்ம் நிராகரிக்கப்படும் நாளில் உங்கள் அருகில் இருக்கமாட்டார். படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. பத்தாண்டுக்கு முன் செய்த குடல்வால் அறுவை, தைராய்டு மாத்திரை, ஒரு முறை எடுத்த ஆஞ்சியோகிராம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் எழுதுங்கள். தொலைபேசியில் நிறுவனத்தின் மருத்துவர் கேள்வி கேட்டால் அந்தப் பதில்கள் பதிவாகின்றன என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள்.

60 மாதம் தொடர்ந்து பாலிசி நடப்பில் இருந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, தகவலை மறைத்தார் என்ற காரணம் காட்டி நிறுவனம் கிளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு ஆண்டாக இருந்தது. ஐந்தாண்டு ஓட்டிவிட்டால் போதும் என்று இதை நம்பி மறைப்பது ஆபத்தான சூதாட்டம். நடுவில் நோய் வந்தால் கிளெய்மோடு பாலிசியும் ரத்தாகலாம்.

ஏழாம் படி: பாலிசி கைக்கு வந்ததும்

வந்த நாளிலிருந்து 30 நாள் வரை அதைத் திருப்பித் தரும் உரிமை உங்களுக்கு உண்டு. கழிந்த நாள்களுக்கான விகிதத் தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத்தாள் கட்டணம் போக மீதி திரும்பி வரும். அந்த நாள்களை வீணாக்காமல், பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளை முதலில் படியுங்கள். அறை வரம்பு, கோ-பே, காத்திருப்புக் காலம், விலக்குகள் எல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். கேட்டால் தமிழிலேயே தர வேண்டும். பெயர், பிறந்த தேதி, நீங்கள் அறிவித்த நோய்கள் சரியாக ஏறியுள்ளனவா என்று ஒப்பிட்டு, விடுபட்டிருந்தால் மின்னஞ்சலில் எழுதித் திருத்தம் வாங்குங்கள்.

தனிநபர் மற்றும் குடும்பப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் கட்டிய பிரீமியத்தை வரிக்குரிய வருமானத்திலிருந்து, தமக்கும் குடும்பத்துக்கும் 25,000 ரூபாயும், மூத்த குடிமக்களான பெற்றோருக்கு 50,000 ரூபாயும் வரை கழிக்கலாம். புதிய முறையில் இது இல்லை.

எட்டாம் படி: மருத்துவமனையில்

பொதுவாக 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் கிளெய்ம் எழும். கண்புரை, டயாலிசிஸ், கீமோதெரபி போன்ற ஒரு நாள் சிகிச்சைகள் விதிவிலக்கு. பரிசோதனை செய்துகொள்வதற்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் வராது. ‘எதற்கும் ரெண்டு நாள் படுக்கவைத்துப் பார்ப்போம்’ என்னும் அட்மிஷன்கள் பல இந்த இடத்தில்தான் அடிபடுகின்றன.

முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை என்றால், காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தமுள்ள மருத்துவமனைகளின் நெட்வொர்க் பட்டியலில் உங்கள் மருத்துவமனை இன்னும் இருக்கிறதா என்று அந்த வாரத்திலேயே உறுதி செய்துகொண்டு, இன்ஷூரன்ஸ் டெஸ்கில் சில நாள் முன்னதாகவே படிவத்தைக் கொடுங்கள். பில்லை நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டும் கேஷ்லெஸ் வசதிக்கான கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் பதில் தர வேண்டும் என்பது 2024 மே மாதத்து விதி. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி அதனால் மருத்துவமனை கூடுதலாகக் கட்டணம் கேட்டால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும்.

பலர் அறியாத ஒரு நுணுக்கம் வார்டில் நடக்கிறது. அட்மிஷன் ஆன இரவில் பணி மருத்துவர் வந்து, “சுகர் எத்தனை வருஷமா இருக்கு?” என்று கேட்பார். பதற்றத்தில் இருக்கும் மகன், “அது இருக்கும் சார், ஒரு பத்து வருஷம்” என்று குத்துமதிப்பாகச் சொல்வார். மூன்று ஆண்டுக்கு முன்பு கண்டறியப்பட்ட நோய் அந்தக் கணத்தில் கேஸ் ஷீட்டில் பத்தாண்டு நோயாகி, அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போய், பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்ததை மறைத்தார் என்பதற்குச் சான்றாகி நிற்கும். பழைய மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சரியான ஆண்டைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் வரைவை, கையெழுத்தாகும் முன்பு வாங்கிப் படித்து, தவறிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பின் திருத்தம் கேட்டால் எல்லோரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

கேஷ்லெஸ் கிடைக்கவில்லை என்றால் கிளெய்மே போய்விட்டது என்று பொருளில்லை. பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் கோரலாம். இனவாரியாகப் பிரித்த பில், பணம் கட்டிய ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள், ஸ்டென்ட் அல்லது லென்ஸ் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர், விபத்தென்றால் காவல்துறைப் பதிவு ஆகியவற்றின் அசலை, நகல் எடுத்துக்கொண்ட பிறகு, பாலிசி சொல்லும் கெடுவுக்குள் அனுப்புங்கள். சேர்வதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பின் 60 நாள் செலவுகளும் பெரும்பாலான பாலிசிகளில் உண்டு. சில திட்டங்களில் இதைவிட அதிகம். மருந்துக் கடை பில்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: புதுப்பித்தலும் மாற்றமும்

ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் காத்திருப்புக் காலத்தின் தொடர்ச்சி காப்பாற்றப்படும். ஆனால் கட்டாமல் இருந்த இடைவெளியில் வந்த நோய்க்குப் பணம் கிடைக்காது. கிளெய்ம் செய்தார் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் நிறுவனம் முதலில் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவிடப்பட்டது. நிறுவனம் பிடிக்கவில்லை என்றால், கழித்த காத்திருப்புக் காலத்தை இழக்காமல் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள். புதிய நிறுவனம் எழுத்தில் ஏற்கும் வரை பழையதை விட்டுவிடாதீர்கள்.

பத்தாம் படி: கிளெய்ம் மறுக்கப்பட்டால்

மறுப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்த விதியின்படி என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். நிறுவனத்தின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தராமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது. விதியைக் குறிப்பிட்டு, சிகிச்சை அளித்த மருத்துவரின் விளக்கக் கடிதத்தோடு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்க அனுமதியும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிப்பார். அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு அது நிறைவளிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வரிசை மட்டும் மாறக் கூடாது: நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்ட பின் அதே விவகாரத்தைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ளமாட்டார்.